ஸ்டீராய்டு எடுத்தவருக்கு இடுப்போ முழங்காலோ வலித்தால்: எலும்பு நசிவை நேரத்தோடு கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து 11 மாதம் ஆகியிருந்தபோது என் தம்பிக்கு வலது முழங்காலில் வலி தொடங்கியது. முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. கீமோவில் கொடுத்த வின்கிரிஸ்டின் நரம்புகளைப் பாதித்திருக்கலாம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நான்கு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் காலை அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலுக்குச் சாக்ஸ் போட முயன்று, முடியாமல், காலைத் தரையிலேயே நீட்டி வைத்துக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "முட்டிதான் அக்கா வலிக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றான். அந்த வாரம் ஒரு பிசியோதெரபி நிபுணர் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளித் தொடையை உட்புறம் திருப்பினார். அவன் கத்திவிட்டான். அவர் முழங்காலைத் தொடவே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது இரண்டு தொடை எலும்புகளின் தலைப்பகுதியிலும் திசு இறந்திருந்தது. வலதுபுறம் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது.

அந்த நான்கு மாதத்தை எங்களால் திரும்பப் பெற முடியவில்லை. புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றுக்கோ ஸ்டீராய்டு எடுத்தவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அப்படிப்பட்ட மாதங்களை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் சரியான நேரத்தில் சரியான கேள்வியோடு போய்ச் சேர்வதற்கான வழி மட்டுமே.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பு ஓர் உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, செல்கள் வாழ்கின்றன, பழைய எலும்பு கரைக்கப்பட்டுப் புதிய எலும்பு இடைவிடாமல் போடப்படுகிறது. ஒரு பகுதிக்கு ரத்தம் போவது நின்றுவிட்டால் அங்குள்ள செல்கள் இறந்துவிடுகின்றன. இதைத்தான் எலும்பு நசிவு என்கிறோம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஏ.வி.என். என்ற சுருக்கப் பெயரால் சொல்வார்கள். தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது, ஏனென்றால் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை. ஒன்று அடைபட்டால் வேறு வழியாக ரத்தம் வந்து சேரும் வாய்ப்பும் குறைவு. அதற்கடுத்தபடியாக முழங்கால், தோள்பட்டை, கணுக்கால் ஆகிய மூட்டுகளில் வருகிறது.

ஸ்டீராய்டு இதை எப்படிச் செய்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பல வழிகள் ஒன்றுசேர்கின்றன. மஜ்ஜையில் உள்ள கொழுப்புச் செல்கள் பருத்துப் பெருகுகின்றன; எலும்பு என்பது விரிந்து கொடுக்காத கூடு என்பதால் உள்ளே அழுத்தம் ஏறி, சிறிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தத்தில் கொழுப்பு கூடுகிறது, உறையும் தன்மை கூடுகிறது, எலும்புச் செல்கள் நேரடியாகவும் பாதிக்கப்படுகின்றன. ஸ்டீராய்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1957-லேயே மருத்துவ இதழில் பதிவானது.

நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதற்கடுத்துத்தான் வருகிறது. இறந்த எலும்பு இறந்த அன்றே உடைவதில்லை. அதன் வடிவமும் வலிமையும் சில காலம் அப்படியே இருக்கும். பிறகு உடல், இறந்த பகுதியை அரித்து எடுத்துவிட்டுப் புதிய எலும்பைப் போட முயல்கிறது. அரிப்பது வேகமாகவும் கட்டுவது மெதுவாகவும் நடப்பதால், குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு பலவீனமாகி, உடல் எடையைத் தாங்க மாட்டாமல் நொறுங்குகிறது. உருண்டையாக இருந்த தலை தட்டையாகிறது. இறப்புக்கும் சரிவுக்கும் நடுவே சில மாதங்களோ சில ஆண்டுகளோ இடைவெளி இருக்கிறது. மூட்டைக் காப்பாற்ற ஏதாவது செய்ய முடியுமானால், அந்த இடைவெளிக்குள்தான் முடியும்.

யார் விழிப்பாக இருக்க வேண்டும்

நீண்ட நாள் அல்லது அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்த எவரும் என்பதே நேரான பதில். ஆனாலும் ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை.

கடுமையான லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பதின்ம வயதினர் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சிகிச்சையில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்ற இரண்டு ஸ்டீராய்டுகளும் முதுகெலும்பு போன்றவை. அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக் குழு ஒன்று 2000-இல் வெளியிட்ட முடிவுகளில், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் எலும்பு நசிவு 0.9 சதவீதமாகவும், 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 14.2 சதவீதமாகவும் இருந்தது. எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் இந்த மருந்துகள் சேர்வதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. இதே சிகிச்சையில் கொடுக்கப்படும் அஸ்பராஜினேஸ் ரத்தக் கொழுப்பை ஏற்றுவதோடு, டெக்ஸாமெத்தசோன் உடலை விட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்துகிறது. பின்னர் வந்த ஆய்வுகளில், டெக்ஸாமெத்தசோனை 21 நாள் தொடர்ந்து கொடுக்காமல் ஒரு வாரம் கொடுத்து, ஒரு வாரம் நிறுத்தி, மீண்டும் ஒரு வாரம் கொடுத்தபோது பதின்ம வயதினரிடம் எலும்பு நசிவு குறைந்தது. இன்று பல மருத்துவமனைகளில் அந்த இடைவெளி முறையைப் பின்பற்றுகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை.

இன்னொருவரிடமிருந்து மஜ்ஜையோ குருத்தணுக்களோ பெற்றவர்கள் அடுத்தவர்கள். வந்து சேர்ந்த செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற நிலைக்கு முதல் மருந்தே ஸ்டீராய்டுதான். அது நாள்பட்டதாக மாறினால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். மாற்று சிகிச்சைக்கு முன் முழு உடல் கதிர்வீச்சு பெற்றிருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. சிறுநீரகம், இதயம், கல்லீரல், நுரையீரல் மாற்று பெற்றவர்களும் இதே வட்டத்தில்தான் இருக்கிறார்கள். 1980-களில் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க முடிந்த பிறகு, சிறுநீரக மாற்று பெற்றவர்களிடம் இந்நோய் முன்பைவிடக் குறைந்தது. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா, மஜ்ஜைப் புற்றுநோயான மயலோமா ஆகியவற்றின் சிகிச்சையிலும் ஸ்டீராய்டு உண்டு. இடுப்புக் கூட்டுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, ஸ்டீராய்டு இல்லாமலேகூட அந்த எலும்பு பாதிக்கப்படலாம்.

ஸ்டீராய்டு கணக்கை நீங்களே எழுதி வையுங்கள்

புற்றுநோய் மருத்துவர் ஒருவர், மாற்று சிகிச்சை மருத்துவர் ஒருவர், எலும்பு மருத்துவர் ஒருவர் என்று பிரிந்து கிடக்கும்போது, மொத்தம் எவ்வளவு ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது என்ற கணக்கு பெரும்பாலும் யாரிடமும் முழுதாக இருப்பதில்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மருந்தின் பெயர், ஒரு நாளைய அளவு, தொடங்கிய தேதி, மாற்றிய தேதி, நிறுத்திய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தேதி வரிசையில் அடுக்கினாலே பழைய கணக்கில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

வெவ்வேறு ஸ்டீராய்டுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். பிரெட்னிசோலோன் 5 மி.கி. என்பது மெத்தில்பிரெட்னிசோலோன் 4 மி.கி.க்கும், ஹைட்ரோகார்ட்டிசோன் 20 மி.கி.க்கும், டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி.க்கும் சமம் என்பது நடைமுறையில் உள்ள கணக்கு. ஒருவர் டெக்ஸாமெத்தசோன் நாளொன்றுக்கு 12 மி.கி. வீதம் 14 நாள் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 12 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 80 மி.கி.க்குச் சமம், 14 நாளில் 1,120 மி.கி. ஆகிறது. பின்னர் ஜி.வி.எச்.டி.க்காகப் பிரெட்னிசோலோன் 60 மி.கி. வீதம் 14 நாள் எடுத்தால் 840 மி.கி. சேர்ந்து 1,960 மி.கி. ஆகிவிடுகிறது, இதன் மேல்தான் படிப்படியாகக் குறைத்த வாரங்களின் அளவு வரும். டெக்ஸாமெத்தசோன் மாத்திரையில் எண் சிறியதாக இருப்பதால் மருந்தும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு வலிமையானது என்று புரியும்.

இந்த எண்ணுக்கு மேல் போனால் நோய் வரும், கீழே இருந்தால் வராது என்று கோடு எதுவும் கிடையாது. மொத்த அளவோடு, குறுகிய காலத்தில் எவ்வளவு உயர்ந்த அளவு கொடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஆனாலும் வலி என்று போய் நிற்கும்போது, "கொஞ்ச நாள் ஸ்டீராய்டு எடுத்தேன்" என்று சொல்பவரையும், எண்களோடு ஒரு பக்கத்தை நீட்டுபவரையும் மருத்துவர் ஒன்றுபோல் பார்ப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தக் கூடாது. பல வாரம் எடுத்தவரின் உடலில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதோடு, ரத்தப் புற்றுநோயையும் உறுப்பு நிராகரிப்பையும் அடக்கி வைத்திருப்பது அந்த மருந்துதான். குறைக்க முடியுமா, வேறு மருந்தைச் சேர்த்து அளவைக் கீழே கொண்டுவரலாமா என்று கேளுங்கள். முடிவைச் சிகிச்சை அளிக்கும் குழுவிடம் விடுங்கள்.

வலியை எப்படி அடையாளம் காண்பது

இடுப்பு மூட்டு என்றால் நாம் கையை இடுப்பின் பக்கவாட்டில் வைத்துக் காட்டுகிறோம். உண்மையில் இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். அங்கிருந்து தொடையின் உட்புறமாக இறங்கி முழங்கால்வரை போகும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும், ஏனென்றால் இரண்டு மூட்டுகளுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்புகள் பொதுவானவை. என் தம்பியின் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது இங்கேதான். முழங்காலை அமுக்கினால் வலிக்கவில்லை, வீக்கம் இல்லை, ஆனால் முழங்கால் வலிக்கிறது என்றால், கேள்வி இடுப்பைப் பற்றியதாக மாற வேண்டும்.

தொடக்கத்தில் வலி நடக்கும்போதும் படியேறும்போதும் வந்து, உட்கார்ந்தால் போய்விடும். பிறகு ஓய்விலும் இரவிலும் வரத் தொடங்கும். வலிக்கு முன்பே சில அசைவுகள் குறைந்துவிடுவதும் உண்டு: சாக்ஸ் மாட்டுவது, கால் நகம் வெட்டுவது, சம்மணம் போட்டு உட்கார்வது, காரில் ஏறும்போது காலைத் தூக்கி உள்ளே வைப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒரு பக்கம் மட்டும் கடினமாகிவிட்டதா என்று கவனியுங்கள். சிறு குழந்தை வலி என்று சொல்லாது. தூக்கச் சொல்லும், விளையாட்டின் நடுவே உட்கார்ந்துகொள்ளும், லேசாக நொண்டும். தோள்பட்டையில் வந்தால் தலை வாருவதும் மேல் அலமாரியில் கை எட்டுவதும் சிரமமாகும்.

சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே எம்.ஆர்.ஐ.யில் நசிவு தெரிவதுண்டு. அவர்களில் பலருக்கு அது பெரிதாகாமல் அடங்கியும் போகிறது. எனவே வலி இல்லாத ஒவ்வொருவருக்கும் படம் எடுத்தே தீர வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. வலி வந்தவருக்கு எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வலிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தாலும் எலும்பு வலிக்கும். குடும்பத்தார் முதலில் பயப்படுவதும் அதற்குத்தான். ஸ்டீராய்டால் மெலிந்த எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு வலித்து அசைக்கவே முடியவில்லை என்றால் அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தப் படம் எடுக்கக் கேட்க வேண்டும்

எக்ஸ்ரே முதலில் எடுக்கப்படுவது வழக்கம், எடுக்கவும் வேண்டும். ஆனால் தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே காட்டுவது எலும்பின் சுண்ணாம்புக் கட்டமைப்பை. இறந்த எலும்பிலும் அந்தக் கட்டமைப்பு சில காலம் மாறாமல் இருக்கிறது. குருத்தெலும்புக்கு அடியில் பிறைபோல ஒரு கருங்கோடு எக்ஸ்ரேயில் தெரிந்தால், அது உள்ளே ஏற்கெனவே முறிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். எக்ஸ்ரேக்காகக் காத்திருப்பது என்பது சரிவுக்காகக் காத்திருப்பதுதான். எம்.ஆர்.ஐ. மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்கிறது. அதனால் முறிவுக்கு வெகு முன்பே நசிவைக் காட்டிவிடும்.

மருத்துவரிடம் சொல்வதற்கு இந்த வாக்கியம் போதும்: "இவ்வளவு ஸ்டீராய்டு எடுத்திருக்கிறேன், இத்தனை வாரமாகத் தொடை இடுக்கிலோ முழங்காலிலோ வலிக்கிறது, எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, எலும்பு நசிவா என்று பார்க்க இரண்டு இடுப்புகளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?" இரண்டு இடுப்புகளுக்கும் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டால் வரும் நசிவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். வலி ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் மறுபக்கத்தைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ரத்தத்தில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகக் கருவியோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அறிக்கை வந்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தலைப்பகுதி இன்னும் உருண்டையாக இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்பது முதலாவது. இறந்த பகுதி எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது; மூட்டுப் பரப்பில் 30 சதவீதத்துக்கு மேல் பரவியிருந்தால் சரியும் வாய்ப்பு கணிசமாக அதிகம், சிறிய நசிவு பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடலாம். எடை விழும் இடத்தில் இருக்கிறதா, விலகி இருக்கிறதா என்பது மூன்றாவது. அறிக்கையில் ஃபிகாட், ஆர்கோ என்று நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். எந்த முறையானாலும் 1, 2 என்பவை சரிவுக்கு முந்தைய நிலைகள். 3 என்றால் எலும்பு முறிந்து சரியத் தொடங்கிவிட்டது. 4 என்றால் மூட்டே தேய்ந்துவிட்டது.

கண்டுபிடித்த பிறகு

முதல் வேலை மூட்டின் மேல் விழும் சுமையைக் குறைப்பது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. ஓடினாலும் குதித்தாலும் அது மேலும் ஏறும். ஆகவே ஓட்டம், குதித்தல், கனம் தூக்குதல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். ஒற்றை ஊன்றுகோல் என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் பலருக்கும் இயல்பாக வருகிறது. அது தவறு, சுமை குறையாது. படியேறும்போது நல்ல காலை முதலில் மேலே வைக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் காலும் ஊன்றுகோலும் முதலில் கீழே போக வேண்டும். ஊன்றுகோல் மட்டுமே சரிவைத் தடுத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வலி குறையும், முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

படுத்தே இருப்பதும் சரியல்ல. ஸ்டீராய்டு ஏற்கெனவே தொடைத் தசைகளை மெலியச் செய்திருக்கும். அவை மேலும் மெலிந்தால் மூட்டுக்குத் துணை இல்லாமல் போகும். நீச்சலும், சுமையில்லாத சைக்கிள் பயிற்சியும், பிசியோதெரபி நிபுணர் சொல்லித்தரும் படுத்தபடி செய்யும் பயிற்சிகளும் பொருத்தமானவை. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் காலத்திலோ, மருந்து செலுத்தப் பெரிய ரத்தக் குழாயில் பொருத்தும் சென்ட்ரல் லைன் உடம்பில் இருக்கும்போதோ நீச்சல் கூடாது.

வலி மாத்திரை விஷயத்தில் மற்றவர்களுக்குப் பொருந்துவது இவர்களுக்குப் பொருந்தாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் தட்டணுக்கள் குறைந்திருப்பவருக்கு ரத்தக் கசிவையும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் எடுப்பவருக்குச் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரலாம், புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டோடும் ஒத்துப்போகாது. பாரசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் அது காய்ச்சலை மறைத்துவிடும். வெள்ளை அணுக்கள் குறைந்த ஒருவருக்குக் காய்ச்சல்தான் தொற்றின் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் மாத்திரையை வைத்துவிட்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் எலும்பின் பொதுவான வலிமைக்குத் தேவை; இறந்த பகுதியை அவை உயிர்ப்பிக்காது. புகையையும் மதுவையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் இரண்டுமே இந்நோய்க்குத் தனித்தனியே காரணமாகக் கூடியவை. எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள் இடுப்பில் வலியைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சரிவைத் தடுக்கின்றனவா என்பதில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

சரிவுக்கு முன் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைகளில் எளியது, தொடை எலும்பின் பக்கவாட்டிலிருந்து துளையிட்டு, இறந்த பகுதிவரை ஒரு வழியை உண்டாக்கி, உள்ளிருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுவது. சிறிய நசிவு, சரியாத தலை என்ற இரண்டும் அமைந்தால் இது நல்ல பலன் தரும். சரிந்த பிறகு செய்வதில் அதிகப் பயன் இல்லை. துளையிட்ட எலும்பு ஆறும்வரை சில வாரங்கள் ஊன்றுகோல் கட்டாயம். சிலருக்குத் துளையில் அவர்களுடைய மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களையும் செலுத்துகிறார்கள். காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தாங்கச் செய்யும் பெரிய அறுவை சிகிச்சையும் உண்டு, ஆனால் அது எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை.

சரிந்து தேய்ந்துவிட்ட மூட்டுக்கு முழு மூட்டு மாற்றுதான் வழி. 20 வயதுப் பிள்ளைக்கு மூட்டு மாற்றா என்று பெற்றோர் மனம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, மூட்டு மாற்றுப் பதிவேடுகளைப் பார்த்து, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிப்பதாகக் கணித்தது. அப்படி மூட்டு மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். இளையவரின் மூட்டு அதிகம் உழைக்கும் என்பதால், வாழ்நாளில் இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. ஆனால் இரவு முழுதும் வலியில் புரள்பவருக்கு அந்த 20, 25 ஆண்டுகள் சிறிய விஷயமல்ல. அறுவை சிகிச்சைக்கான தேதியை எலும்பு மருத்துவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளின் அளவு, தொற்று அபாயம், அறுவைக்கு முன்னும் பின்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய ஸ்டீராய்டு ஆகியவற்றைப் புற்றுநோய் அல்லது மாற்று சிகிச்சைக் குழுவும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

தாடை எலும்பு: தனிக் கவனம்

தாடையில் வரும் நசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் மயலோமாவுக்கும் கொடுக்கப்படும் சோலிட்ரானிக் அமிலம், பாமிட்ரோனேட், டெனோசுமாப் ஆகியவை எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்திவைக்கின்றன. தாடையோ பல் வழியாக வாய்க் கிருமிகளுக்கு மிக அருகில் இருக்கும் எலும்பு, ஓயாமல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டியது. 19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை அழுகியது; 1906-இல் பல நாடுகள் சேர்ந்து அதைத் தடைசெய்ய உடன்பட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2003-இல், இவற்றில் சோலிட்ரானிக் அமிலத்தையும் பாமிட்ரோனேட்டையும் பெற்றவர்களிடம் அதைப் போன்ற புண்கள் முதன்முதலாகப் பதிவாயின.

பெரும்பாலான சமயங்களில் இதைத் தூண்டுவது பல் பிடுங்குவதுதான். எனவே முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகு மருந்தைத் தொடங்குவது பெரும்பாதுகாப்பு. கழுத்துக்கும் தாடைக்கும் கதிர்வீச்சு பெறப் போகிறவர்களுக்கும் இதே வரிசைதான். பிடுங்கிய இடம் ஆறக் குறைந்தது இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும், அந்தத் தாடையில் ஆபத்து வாழ்நாள் முழுதும் தொடரும். பிறகு எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே, எந்த மருந்து, கடைசி ஊசி எப்போது என்று சொல்லிவிட வேண்டும். பல் சொத்தைக்கு அடைப்பதும் வேர் சிகிச்சையும் பிடுங்குவதைவிடப் பாதுகாப்பானவை. வாயில் எலும்பு வெளியே தெரிந்து எட்டு வாரமாகியும் மூடவில்லை என்றால் அதைத் தாடை நசிவு என்றே மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். ஆனால் நீங்கள் எட்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பிடுங்கிய குழி ஆறாதது, பல் காரணமில்லாமல் ஆடுவது, கீழ் உதடு மரத்துப்போவது, ஈறில் சீழ் வருவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே காட்டுங்கள்.

எத்தனை காலம் கவனிக்க வேண்டும்

இடுப்பு நசிவு ஸ்டீராய்டு தொடங்கிய சில மாதங்களிலேயே எம்.ஆர்.ஐ.யில் தெரியக்கூடும்; வலி வருவதற்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் புற்றுநோய் மருத்துவரிடம் போகும் இடைவெளி மாதத்திலிருந்து ஆறு மாதமாக, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாக நீண்டிருக்கும். அப்படிப் போகும்போது ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், இடுப்பை ஒரு முறை மடக்கி உட்புறம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு பக்கம் நசிவு உறுதியானவருக்கு மறுபக்கத்தை எத்தனை மாதம் கழித்து மீண்டும் படம் எடுப்பது என்று அன்றே கேட்டு, அந்தத் தேதியை ஸ்டீராய்டு கணக்கு இருக்கும் அதே நோட்டில் குறித்து வையுங்கள். என் தம்பியின் இடதுபுறத் தலை இன்னும் உருண்டையாகவே இருக்கிறது. துளையிட்டது அந்தப் பக்கத்தில்தான்.